ஓடைக்கரைப் புல்

அக்காவின் தலையிலிருந்த புல்லுக்கட்டை நான்தான் இழுத்துக் கீழே தள்ளினேன். பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் கரட்டின் மேல்கோடியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஆள் குனிந்து போகலாம். அதன் வாயில் அரைமணி நேரமாகக் காத்திருந்தேன். ஓடைக்குள் கட்டுகளோடு வந்தவர்கள் ஐந்து பேர். என்னைப் பார்த்ததும் நாலு பேர் கட்டுகளைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. அதே நடையில் நேராக என்னிடம் வந்தாள். பவுனம்மாள், என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் திருச்சிக்குக் காலேஜில் சேரப் போன அன்று தலை பின்னிவிட்டு, எவள் முன்னாலும் குனிந்து நிற்காதே என்று சொல்லி அனுப்பியவள்.

கட்டு விழுந்து அவிழ்ந்தது. இடுப்பளவு வளர்ந்த கொழுக்கட்டைப்புல். அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மூணு வருசமாப் பொத்திப் பொத்தி வச்சிருக்கியே, இதை யாருக்குடி வளக்குற?"

உத்தரவில்லாமல் வெட்டினால் திருட்டுத்தான், அக்காவானாலும் திருட்டுத்தான் என்று சொன்னேன். அவள் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரிடி கலெக்டரம்மா. என் மாட்டுக்கு உன் பொஸ்தகத்தக் கொண்டாந்து போடு. தின்னுட்டுப் போவுது."

வெறுங்கையோடு பாலத்துக்குள் குனிந்து போய்விட்டாள். 'கரட்டுக் கலெக்டர்' என்று ஊரில் எனக்குப் பெயர் இருப்பது தெரியும். அக்கா வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

கரடு எங்களுடையதல்ல. வையம்பட்டியிலிருந்து இரண்டு மைலில் இருக்கும் தொண்ணூறு ஏக்கர் தோட்டம் முழுவதும் ஸ்ரீரங்கத்து வக்கீல் சௌரிராஜனுக்குச் சொந்தம். என் அப்பா வீரமலை அதற்குக் காவல்காரர். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு வீடு, அதில்தான் நான் பிறந்தேன். கீழே கிணற்றுப் பாசன நிலம், அதற்கு மேலே சின்ன ஏரி, ஏரிக்கு மேலே முப்பது ஏக்கர் கரட்டுச் சரிவு. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சௌரிராஜன் அந்தச் சரிவை அழகிரி என்ற கரிக் காண்டிராக்டருக்குக் குத்தகைக்கு விட்டார். உசில், வேலம், வெள்வேல், எதுவும் மிச்சமில்லை. வெட்டி, அங்கேயே கரிமூட்டம் போட்டு, சாக்கில் கட்டி ரயிலேற்றினார்கள். மரம் போன இடத்தில் ஊர் ஆடுகள் ஏறின. துளிர்த்ததை ஆடு கடித்தது, கடித்த இடத்தில் மண் கரைந்தது, கரைந்த மண் வந்து ஏரியில் உட்கார்ந்தது. நான் பி.எஸ்ஸி. முடித்து ஊர் திரும்பியபோது ஏரி ஒரு தட்டு மாதிரி இருந்தது. தை மாதமே கிணற்றில் பாறை தெரிந்தது.

படித்தது தாவரவியல். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியவர்களே கிடையாது. நான் பட்டம் வாங்கிக்கொண்டு டீச்சர் வேலைக்கு மனுப் போட்ட மூன்று இடத்திலும் 'பார்க்கலாம்' என்றார்கள். பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தது. அந்தக் கோபத்தில் ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிப் போய், சௌரிராஜன் எதிரில் நின்று, உங்கள் நிலத்தைக் கொன்றது ஆடும் இல்லை வெயிலும் இல்லை, நீங்கள்தான் என்றேன். அப்பா அவரைச் 'சாமி' என்பார். நான் 'சார்' என்றேன். அவருக்கு வழக்காடுகிறவர்களைப் பிடிக்கும் போலிருக்கிறது. ஒருமணி நேரம் குறுக்கு விசாரணை செய்துவிட்டு, மூன்று வருஷம் தருகிறேன், நீயே பார்த்துக்கொள், ஆனால் ஒரு குறை என் காதில் விழுந்தால் சரிவு மறுபடி அழகிரிக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். சரிவு கரிக்காரர் கைக்குப் போனால் ஏரியும் கிணறும் அடியோடு வற்றும், அப்பாவுக்கு அங்கே காக்க ஒன்றும் இருக்காது. வேலை போனால் ஓட்டு வீடும் போகும். எல்லாம் தெரிந்துதான் சரி என்றேன்.

முள்வேலி போட்டேன். ஓடையின் குறுக்கே பதினாறு இடத்தில் கல் அடுக்க வைத்தேன். உசில் விதையும் வேல விதையும் பொறுக்கி, மழைக்கு முன்னால் குழிகளில் போட்டேன். தண்டோரா போடச் சொல்லி, கரட்டுக்குள் ஆடு கூடாது, மாடு கூடாது, அரிவாளும் கூடாது என்று அறிவித்தேன். அரிவாளை நானாகச் சேர்த்தேன். வேலிக்கு வெளியிலேயே நின்று, ஆடு வேண்டாம், புல்லை மட்டும் அறுத்துக்கொள்கிறோம் என்று பெண்கள் இரண்டு தடவை வந்து கேட்டார்கள். முடியாது என்றேன். இன்றைக்கு ஒரு கை புல் கேட்பாள், நாளைக்கு ஆட்டை ஓட்டி வருவாள் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது மட்டும் இல்லை. முதல் தடவையாக ஒரு இடத்தில் என் சொல் செல்லுபடியாகியது. அதை யாருக்காகவும் தளர்த்த எனக்கு மனமில்லை.

புல் வந்தது. முதல் வருஷம் கணுக்கால் உயரம், மூன்றாம் வருஷம் இடுப்பு. கவுதாரி வந்தது. ஏரியில் மாசி வரைக்கும் தண்ணீர் நின்றது. அந்தப் பங்குனியிலும் கிணற்றில் ஏற்றம் இறைத்தார்கள். கெடு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அந்த நேரத்தில்தான் ஓடைக்கரையில் புல் குறைகிறதைக் கவனித்து, பாலத்தடியில் போய்க் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் சௌரிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஓடை நெடுகப் புல் திருடுகிறார்கள், பல மாதமாக நடக்கிறது, காவல் சரியில்லை, வேறு ஆளைப் போட வேண்டும். 'காவல் சரியில்லை' என்று எழுதும்போது அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. பதினோரு மணித் தபால் கட்டில் போய்விட வேண்டுமென்று நானே நடந்து போய்த் தபாலில் போட்டேன். வக்கீல் தன் காதில் விழக்கூடாது என்று சொன்ன குறையை நானே ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன் என்பது திரும்பி வரும் வழியில்கூட எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தீப் பிடித்தது. எஞ்சினிலிருந்து விழுந்த நெருப்புக் கங்கா, யாராவது எறிந்த பீடியா, பார்த்தவர்கள் இல்லை. ரயில் பாதை ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைப் புகை. நான் வேலியை எட்டுவதற்குள் அது சிவந்துவிட்டது. மூன்று வருஷம் யாரும் தொடாத புல், பங்குனி வெயிலில் காய்ந்து முறுகி நின்றது. நெருப்புக்கு அதைவிட என்ன வேண்டும். படபடவென்று வெடித்துக்கொண்டு சரிவில் பரவியது. கவுதாரிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. நான் ஒரு ஆவாரங்கொம்பை ஒடித்துக்கொண்டு அடித்தேன். ஒரு இடத்தில் அணைத்தால் பத்தடி தள்ளிப் பிடித்தது. அப்பா கத்தினார், கேட்கவில்லை. முப்பது ஏக்கரும் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொம்பைப் போட்டுவிட்டு நின்றேன். அந்த நிமிஷத்தில் அழக்கூட இல்லை, யாரைத் திட்டுவது என்றுதான் தேடினேன்.

ரயில் பாதைப் பாலத்துக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். குனிந்து, ஒருவர் பின் ஒருவராக, ஈரச் சாக்கும் கொம்புமாக, பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் அக்கா. என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை. தீயை நோக்கி ஓடாமல் ஓடைக்கரைக்கு ஓடினார்கள். அங்கே வரிசையாக நின்றார்கள். ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று தீ வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஓடை பாலத்தில் தொடங்கிச் சரிவைக் கோணலாக இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஏரிக்கு இறங்குகிறது. ரயில் பாதைப் பக்கம் ஆறு ஏக்கர், அந்தப் பக்கம் இருபத்துநாலு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமலிருக்க, பெண்கள் ஓடைப் பள்ளத்துக்குள்ளேயே நடந்து, இரண்டு கரையிலும்தான் அறுத்திருந்தார்கள். எட்டு மாதம். மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு நாலு விரற்கடை விட்டு மழுங்க அறுத்த புல், அடியில் பச்சைத் துளிர். ஆள் உயரத் தீ அதன் ஓரம்வரை வந்து தலையைச் சாய்த்தது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் விளிம்போடு கீழே இறங்கியது. ஓடையைத் தாண்டி விழுந்த பொறிகளைப் பெண்கள் சாக்கால் அறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரி மண்ணில் போய் முட்டி, தீ தானாக உட்கார்ந்துவிட்டது. ஒருமணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஆறு ஏக்கர் கரி. இருபத்துநாலு ஏக்கர் அப்படியே நின்றது.

ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த அறுத்த கரையை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். அங்கங்கே ஒரு கைப்பிடிப் புல் அறுக்காமல் நின்றது. விட்டுப்போனது என்று நினைத்து விலக்கினால், நடுவில் ஒரு உசிலங்கன்று. அடுத்த பிடியிலும் கன்று. கன்றைச் சுற்றிக் கைப்பிடிப் புல்லை அடையாளத்துக்கு விட்டுவிட்டு மீதியை அறுத்திருக்கிறார்கள். வெளிச்சம் கிடைத்த கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. நான் பூட்டிவைத்த உயரப் புல்லுக்குள் போட்ட விதைகளில் பாதி முளைக்கவில்லை என்று நோட்டில் எழுதி, விதை சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். விதை சரியாகத்தான் இருந்தது.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் கரி. அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அப்பா விடியற்காலையில் ரோந்து போகும்போது ஒரேயடியாக இருமுவார். அந்த மார்கழியில் நான் திருச்சியிலிருந்து அவருக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக்கூட வந்திருந்தேன்.

"நான் எதுக்கு இருமுனேன்னு நெனச்ச? காவக்காரன் வரான்னு அதுங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

மருந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். இனிப்பாக இருந்தது, குடித்துவிட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, அது நிற்காமல், கடைசியில் அழுகையாகப் போய் முடிந்தது. நின்ற பிறகுதான் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீரங்கம். பங்குனி உற்சவக் கூட்டம். உத்திர வீதியில் நடக்க இடமில்லை. சௌரிராஜன் வீட்டு ரேழியில் அவர் மனைவி வேதவதி மாமி இருந்தார். வக்கீல் கோவிலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். என் புடவையில் கரி நாற்றம் அடித்திருக்க வேண்டும், என்னவென்று கேட்டார். சொன்னேன். காபி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கென்று தனியாக எடுத்துவைத்திருக்கும் டம்ளர்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று வாங்கிக் குடித்தேன். சண்டை போட வந்த விஷயம் அது இல்லை.

சௌரிராஜன் நெற்றி நிறையத் திருமண்ணோடு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். கோர்ட்டில் தஸ்தாவேஜு வைத்துக்கொள்வதுபோல.

தீப் பிடித்ததையும் நின்றதையும் வரிசையாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"திருடினது யாரு?"

"எங்க அக்கா. இன்னும் பதினோரு பேர்."

"காவக்காரன்?"

"எங்கப்பாவுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் விட்டிருக்காரு."

"ஆளை மாத்தணும்னு நீதானே எழுதியிருக்கே?"

"நான்தான் எழுதுனேன். எழுதுனது தப்பு. திருட்டுன்னு சொன்னதும் தப்பு. அவங்க அறுத்த எடந்தான் நிக்கிது. நான் காத்த எடந்தான் எரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, நீதானே படித்தவள் என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. எனக்கு வாய்க்கு வந்த பதில் நாலைந்து இருந்தது. மரத்தை வெட்டக் கொடுத்தவர் நீங்கள் என்று ஆரம்பித்திருக்கலாம்.

"எனக்குத் தெரியல சார்" என்றேன்.

இந்த வார்த்தையை நான் யாரிடமும், பரீட்சையில்கூட, அதற்குமுன் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்தேதான் நின்றேன். வேதவதி மாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அவளுக்குத் தெரியலேங்கறா. உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும். கரடு எந்தத் திக்குல இருக்குன்னு சொல்லுங்கோ பார்ப்போம்."

சௌரிராஜன் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி இருந்தார். அழகிரிக்கு நேற்றே கார்டு எழுதியாகிவிட்டது, கடிதம் வந்த கையோடு எழுதினேன், இப்போது என்ன செய்வது என்றார். நான் நாள் கணக்குப் போட்டேன். நேற்றுத் தபாலில் போயிருந்தால் இன்று கரிக்காரர் கையில். சௌரிராஜன் வாக்கு மாறாதவர் என்று ஊரெல்லாம் பெயர். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவே மாட்டார்.

"போடலை" என்றார் மாமி. இப்போது வாசற்படியில் வந்து நின்றிருந்தார். "உற்சவமும் அதுவுமா ஆத்துல எத்தனை பேருக்குத் தளிகை பண்றேன்! கார்டைத் தூக்கிண்டு தபால்பொட்டிக்கு ஓட எனக்கு ஏது கால்? உள்ளே மாடத்துல இருக்கு."

கார்டு வந்தது. ஓரத்தில் மஞ்சள் பட்டிருந்தது. சௌரிராஜன் அதை ஒருதடவை முழுக்கப் படித்துவிட்டு, நிதானமாக நாலாகக் கிழித்தார். மாமி நிஜமாகவே மறந்தாரா, மறந்தமாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் நேராகச் சொல்கிறவர் இல்லை அவர்.

பிறகு என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று சௌரிராஜன் கேட்டார். ஆடு கூடாது, அரிவாள் வரட்டும், கன்றை விட்டு அறுக்கட்டும், ரயில் பாதை ஓரம் முதலில் அறுக்கட்டும் என்றேன். யார் அறுப்பது, எந்தக் கரை யாருக்கு என்பதை அவர்களே பேசி வைத்துக்கொள்ளட்டும், நான் அதில் தலையிடவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு வருஷம், அடுத்த பங்குனிக்கு நானே வந்து பார்ப்பேன் என்றார். மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வராதவர். வரட்டும்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மணப்பாறை தாண்டியதும் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. எதிரிலிருந்த அம்மாள் உலுக்கி, வையம்பட்டி வந்துடுச்சு என்று எழுப்பினார். அப்பா ஸ்டேஷனில் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். பாதி வழியில் அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்குள் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றார்.

மறுபடி தண்டோரா போட்டேன். இந்தத் தடவை நானே கூட நடந்தேன். "கலெக்டரு உத்தரவ வாபஸ் வாங்கிட்டாங்களாம்" என்று ஒருத்தி சொல்ல, தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். ஆனால் அக்கா வீட்டு வாசலில் தண்டோராக்காரர் அடித்து முடித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து பெண்கள் தோட்டத்து முன்வாசல் வழியாகவே வந்து அறுத்தார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் பழக்கத்தில் பாலத்துக்குள் குனிந்துதான் வந்தார்கள். அக்காவும் வந்தாள். எனக்கு எட்டாத தூரமாகப் பார்த்து உட்கார்ந்து அறுத்தாள். தப்பு என்று போய்ச் சொல்ல இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் வேறு எங்கோ வேலை இருப்பதுபோல நடந்துவிட்டேன். வக்கீலிடம் சொன்னது சுலபமாக இருந்தது.

சித்திரை பத்துத் தேதி வாக்கில் கோடை மழை. சாயங்காலம் நாலு மணிக்கு இடித்து, ஒருமணி நேரம் கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே ஓடைக்குப் போனேன். அடுக்கிய கல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் நகரவில்லை. என்னைப் பார்க்காமல், "சளி புடிக்கப் போவுது, இதுக்குள்ள வா" என்றாள். சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். புகையும் மாட்டு வாடையுமாக இருந்தது உள்ளே.

எரிந்த பக்கத்திலிருந்து தண்ணீர் கன்னங்கரேலென்று மையாக இறங்கியது. புல் நின்ற பக்கத்திலிருந்து அடிமணல் தெரிகிற மாதிரித் தெளிந்து வந்தது. ஒரே ஓடைக்குள் இரண்டும் விழுந்து, ஒட்டிக்கொண்டு, கலக்காமல், ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் தெளிவுமாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அக்கா ஒரு காலை நீட்டி, கட்டைவிரலால் அந்த நடுக்கோட்டைத் தொட்டாள். கறுப்பு ஒரு இழை பிரிந்து தெளிந்த பக்கம் ஓடியது.